ஐம்பத்தைந்தும் அறுபதும்

தஞ்சோங் மாலிமில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "உங்கப்பா இபிஎஃப் எடுத்துட்டாரா?" எங்கள் அப்பாக்கள் வரிசையாக 55 வயதைத் தொடுகிறார்கள். என் அப்பாவுக்கு அடுத்த வருஷம். எடுப்பதா, விட்டுவைப்பதா என்று கேட்டால் எல்லாரும் கால்குலேட்டரைத் திறக்கிறோம். கணக்கு முடிந்த பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது.

கணக்கு எளிது. ஊழியர் சேமநிதியில் 55 வயதில் முழுத் தொகையையும் எடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், தொடாமலும் விடலாம். விட்டால் 100 வயது வரை ஈவு உண்டு. 2020 முதல் 2024 வரை ஒவ்வோராண்டும் ஈவு 5 சதவீதத்துக்கு மேல். ஒருவர் கணக்கில் 80,000 ரிங்கிட் இருந்து, 5 சதவீதமே கிடைத்தாலும் ஐந்து வருஷத்தில் அது 1,02,000ஐத் தாண்டும். அதையே 55இல் எடுத்து மாசம் ஆயிரம் செலவழித்தால் 62ஆவது பிறந்தநாளுக்கு முன்பே காலி. பல ஆண்டுகளாக இபிஎஃப் சொல்லிவந்த அடிப்படைச் சேமிப்பு 2,40,000 ரிங்கிட். மாசம் ஆயிரம், இருபது வருஷம். நம் வட்டாரத்தில் அந்தத் தொகையைப் பார்த்தவர்கள் குறைவு.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு மாதிரி. அங்கே அரசு ஓய்வூதியத்தை 62 வயதிலேயே வாங்கினால் மாதத் தொகை 30 சதவீதம் குறையும். 70 வரை பொறுத்தால் முழுத் தொகைக்கு மேல் 24 சதவீதம் கூடும். 1960க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இதுதான் விதி. எத்தனை வயது வரை இருப்போம் என்று அரசோடு கட்டும் பந்தயம் மாதிரி. இங்கே அந்தப் பந்தயம் இல்லை. சீக்கிரம் செத்தாலும் மிச்சப் பணம் பெயர் கொடுத்து வைத்தவர்களுக்குப் போய்ச் சேரும். அப்படியானால் நம் ஆட்கள் ஏன் 55இல் அவசரப்படுகிறார்கள்?

"படிக்காதவங்க, தெரியல" என்று சொல்வது சுலபம். ஆனால் தோட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சேமநிதி 1951இல் வந்தது. 1957இல் மலாயா ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 56. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் லயத்தையும் காலி செய்ய வேண்டும். பால்மரம் வெட்டிய என் தாத்தாவுக்கு அந்தப் பணம் வந்த நாளும் வீடு போகிற நாளும் கிட்டத்தட்ட ஒன்று. மொத்தமாக எடுத்தார், தாமானில் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டினார். அதைவிடப் புத்திசாலித்தனமான முடிவை எந்தக் கால்குலேட்டரும் சொல்லியிருக்காது. '55 ஆனா எடுத்துரு' என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. பணம் எடுக்கும் வயது 55இலேயே நின்றுவிட்டது. சம்பளமும் வந்துகொண்டிருக்கும், மொத்தப் பணமும் கைக்கு வரும் என்கிற ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில்தான் தங்கச்சி கல்யாணம், தம்பி படிப்பு, ஒழுகுகிற கூரை எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன.

டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் ஒரு வாதம் உண்டு. பல வருஷம் கழித்து இருக்கப்போகிற நம்மை ஏறக்குறைய இன்னொரு மனிதராகவே பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், பிறருக்குச் செய்யக் கூடாததை அந்த மனிதருக்கும் செய்யக் கூடாது. எதிர்காலத்தைப் பாழாக்குவது வெறும் முட்டாள்தனம் இல்லை, அறப் பிழை. இதை அப்பாவிடம் அப்படியே சொன்னால் சிரிப்பார். 75 வயது அப்பாவுக்காக 55 வயது அப்பா காசைப் பூட்டிவைக்க வேண்டும் என்றால், அதே வீட்டில் இன்று கல்யாணத்துக்கு நிற்கிற மகள் யார்? பார்ஃபிட்டின் தராசில் ஒரே ஆளின் இரண்டு வயதுகள்தான் இருக்கின்றன. நம் வீட்டுத் தராசில் குடும்பமே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் பிள்ளைகள் விஷயத்துக்கு வர வேண்டும். நாம் ஆலோசகர் மாதிரி பேசுகிறோம், ஆனால் இந்தக் கணக்கில் நாமும் ஒரு வரி. "எடுங்கப்பா, நாங்க இருக்கோம்ல" என்று சொல்கிறவன் அப்பாவின் பென்சனாக இருக்கச் சம்மதித்துவிட்டான். இருபது வருஷத்துக்கு, தன் கல்யாணத்துக்கும் வேலை போவதற்கும் பிறகும். "வேணாம், 60 வரைக்கும் வைங்க" என்று சொல்கிறவன் அந்த ஐந்து வருஷத்துக் கூரையையும் கல்யாணத்தையும் தன் பையிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டும் செய்யாமல் வட்டி விகிதம் மட்டும் சொல்கிற யோசனை நேர்மையானது இல்லை என்று நினைக்கிறேன்.

அம்மா வேறொன்று சொல்கிறார்: "கையில காசு இருக்கிற கிழவன்கிட்ட எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க." பிள்ளைகளை நம்பாமல் அவர் இதைச் சொல்லவில்லை. வாக்குக் கொடுக்கிற 28 வயதுக்காரனும் மாறிப்போவான் என்பதைத்தான் சொல்கிறார். ஆகவே நான் பொறுக்கச் சொல்லும் பக்கம். கூரைச் செலவு என்னுடையது, கல்யாணச் செலவில் பாதியும் என்னுடையது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். முடிவு அப்பாவுடையது. அவர் எடுத்தாலும், எடுத்ததால் தீர்ந்துபோன பணத்தை 70 வயதில் நான் சொல்லிக்காட்ட முடியாது. பொறுக்கச் சொல்லும் உரிமைக்கு விலை அதுதான்.