யாக்ஞவல்கியர் செய்த பாகப்பிரிவினை

பிருஹதாரண்யக உபநிஷதத்தின் மைத்ரேயி பிராம்மணத்தை நாம் ஆத்ம தத்துவத்திற்காகவே படிக்கிறோம். செல்வத்தால் அமரத்துவம் கிட்டுமா என்று மைத்ரேயி கேட்ட கேள்வியும் அதற்கு யாக்ஞவல்கியர் அளித்த விடையும் எத்தனையோ சொற்பொழிவுகளில் விளக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த உரையாடல் எந்தச் சந்தர்ப்பத்தில் எழுந்தது என்பதில் நம் கவனம் அவ்வளவாகச் செல்வதில்லை. முனிவர் இல்லறத்தை விட்டுப் புறப்படத் தீர்மானிக்கிறார். மைத்ரேயி, காத்யாயனி என்று அவருக்கு இரு மனைவியர். புறப்படுமுன் இருவருக்கும் இடையே ஒரு தீர்வு செய்துவிட்டுப் போக விரும்புவதாக மைத்ரேயியிடம் தெரிவிக்கிறார். அதன் பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். நமக்குக் கிடைத்த மிக உயர்ந்த உபதேசங்களுள் ஒன்று, ஒரு சொத்துப் பிரிவினைப் பேச்சிலிருந்து பிறந்தது!

அவர் அதைச் செய்த விதம் கவனிக்கத் தக்கது. உயிரோடும் தெளிந்த அறிவோடும் இருக்கும்போதே செய்கிறார். பங்கு பெறவேண்டியவரிடம் நேரில் சொல்லிச் செய்கிறார். மைத்ரேயி பிரம்ம விசாரத்தில் ஈடுபாடு உள்ளவள், காத்யாயனியோ சாதாரண இல்லற அறிவு மட்டுமே உடையவள் என்று உபநிஷதம் குறிப்பிடுகிறது. அதனால் காத்யாயனியின் பங்கு குறைய வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

"எல்லாம் மாயை. நான் போன பிறகு பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கூறும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. கேட்பதற்கு அது வைராக்கியம் போல ஒலிக்கிறது. ஆனால் அதே அன்பர் வாடகை பாக்கியை மறப்பதில்லை. வைப்புத்தொகை முதிரும் தேதியும் அவருக்கு நினைவிருக்கிறது. உயில் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் வைராக்கியம் வந்துவிடுகிறது. உண்மையில் அது பற்றின்மை அன்று, மரணத்தைப் பற்றிப் பேச உள்ள அச்சமே. உலகில் பெரிய வியப்பு எது என்று யக்ஷன் கேட்டபோது யுதிஷ்டிரர் சொன்ன விடை, இதைத் தள்ளிப்போடும் நம் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒருவர் எதையும் எழுதாமல் போனால் சட்டம் அவருக்காக எழுதிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள்; இவர்களுக்குப் பங்கு சமம். தாயும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மகன் இறந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் துக்கத்தோடு ஒரே சொத்தின் பங்காளிகளாகவும் நிற்க நேர்கிறது. இருவரில் யாரும் தவறு செய்யவில்லை. முன்கூட்டியே இரண்டு வரி எழுதப்படாததே குறை.

அந்த இரண்டு வரிக்குப் பெரிய செலவும் இல்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தெளிந்த மனத்துடன் எழுதிக் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் முறைப்படி கையொப்பமிட்டால் உயில் செல்லும். முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். சொத்துப் பெறுபவரையே சாட்சியாக வைக்காமலிருப்பது விவேகம். வங்கியில் நாமினியின் பெயரைப் பதிந்துவிட்டோம், அது போதும் என்று எண்ணுவோரும் உண்டு. பொதுவாக, நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதி உடையவரே தவிர, அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. கம்பெனிப் பங்குகளைப் பொறுத்தும் இதுவே நிலை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் இவ்வளவில் நின்றுவிடுகிறது. கடினமான கேள்வி இதற்குப் பிறகு வருகிறது. பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டுமா, நியாயமாகப் பங்கிட வேண்டுமா?

இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூத்த மகனின் மேற்படிப்புக்காக அந்த நாளில் நிலத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டது. அவன் இப்போது வெளிநாட்டில் வசதியாக இருக்கிறான். இளையவனுக்குத் தொழிலில் நஷ்டம். மகள் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் தாயைப் பத்து ஆண்டுகள் பார்த்துக்கொள்கிறாள். மூன்றாகப் பிரித்தால் அது சமம். அதை நியாயம் என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மறுபுறம், பணிவிடைக்கு விலையாகக் கூடுதல் பங்கு தந்தால், அன்பினால் செய்ததைக் கூலி வேலையாக்கிவிடுகிறோமே என்ற தயக்கமும் உண்டு. என் கருத்து, கூடுதலாகக் கொடுப்பதே நேர்மை; ஆனால் காரணத்தை உயிலிலேயே எழுதிவிட வேண்டும், மற்ற பிள்ளைகளிடம் வாயாலும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் நீதிமன்றம் வரை இழுத்துச் செல்வது பெரும்பாலும் தொகையன்று. "அப்பா என்னைக் குறைவாக நேசித்தாரா?" என்ற கேள்விக்கு விடை தர அப்பா இல்லை, ஆகவே நீதிபதியிடம் கேட்கிறார்கள். அதனால்தான் வீட்டை விட்டுக்கொடுத்த உடன்பிறப்புகள் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலிக்காகவும் பூஜை அறைக் குத்துவிளக்குக்காகவும் பேசாமல் பிரிந்துபோகிறார்கள். அப்பொருள்களையும் யாருக்கு என்று பெயர் சொல்லி எழுதிவிடுவது நல்லது.

காரணம் சொல்வது வேறு, உயிலைச் சாட்டையாகப் பிடிப்பது வேறு. ஒவ்வொரு மனத்தாங்கலுக்கும் ஒரு புதிய உயில் எழுதும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொத்தைக் கொடுப்பதில்லை. அதைக் காட்டிப் பணிவை வாங்குகிறார்கள். இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. பாசத்தின் மிகுதியால் இருப்பதை எல்லாம் உடனே செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிடும் பெற்றோர். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்திருக்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அதை எழுதுவது பிள்ளையைச் சந்தேகிப்பதாகாது. உயில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. உயிருள்ள வரை சொத்து எழுதியவருடையதே.

தர்ம ஸ்தாபனங்களுக்கு எழுதி வைக்க விரும்பும் அன்பர்களுக்கும் ஒரு சொல். தம்மை நம்பியிருக்கும் மனைவிக்கோ, இயலாத மகனுக்கோ வழி செய்யாமல் ஆசிரமத்திற்கு எழுதி வைப்பது தானமாகாது. கொடுப்பதை வாழும்போதே கொடுப்பது மேல். நசிகேதனின் தந்தை கறவை வற்றிய பசுக்களைத் தானம் செய்தபோது மகனுக்கு உறுத்திய விஷயம், இனி நம் கையில் நிற்காததைக் கடவுளுக்குக் கொடுக்கும் நமக்கும் உறுத்த வேண்டும்.

பெண்களின் பங்கைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே பேச வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை வந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுவதும் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை தந்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையோ வேறு. ராஜஸ்தானத்தில் ஹக் த்யாக், அதாவது உரிமைத் துறப்பு, என்றும் நம்மிடையே விடுதலைப் பத்திரம் என்றும் ஒரு காகிதம் சகோதரியின் முன் நீட்டப்படுகிறது. கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டின் கதவு மூடிவிடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; சொல்லவும் தேவையில்லை. மனமுவந்து விட்டுக்கொடுப்பது தியாகம். அச்சத்தால் விட்டுக்கொடுப்பதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டி, அதன் பலனை மற்றவர் அனுபவிப்பது, சாத்விகமான குடும்பங்களிலும் கண்டிக்கப்படாமல் நடக்கும் ஒரு பறிப்பு.

சகோதரர்கள் கயிறு பிடித்து நிலத்தை அளப்பதைக் கண்டு இறைவன் சிரிக்கிறார் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் சொல்வதுண்டு. உரிமையியல் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் காதில் அந்தச் சிரிப்பு விழுவதில்லை.

யாக்ஞவல்கியருக்கு எதிர்நிலையில் தசரதரை வைத்துப் பார்க்கலாம். ராமனுக்கு முடி சூட்ட அவர் எடுத்த முடிவில் குற்றமில்லை. மூத்தவன், தகுதியானவன், மக்களும் விரும்பினார்கள். ஆனால் பரதன் கேகய நாட்டில் இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது என்று அவர் எண்ணியதாக வால்மீகி காட்டுகிறார். நியாயமான ஏற்பாடு, சம்பந்தப்பட்ட பிள்ளை ஊரில் இல்லாத நேரத்தில் அவசரமாகச் செய்யப்பட்டது. அந்த இடைவெளியில்தான் மந்தரை நுழைந்தாள்.

பரதனோ தனக்கென எழுதப்பட்ட ராஜ்யத்தை ஏற்கவில்லை. முற்றிலும் உதறிவிட்டுப் போகவும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் நந்திக்கிராமத்திலிருந்து அண்ணனின் பொருளாகவே அதைக் காத்தான். பூர்வீக வீட்டில் குடியிருந்து, வாடகையும் விளைச்சலும் தானே வாங்கி, உடன்பிறந்தோருக்குக் கணக்குக் காட்டாத சகோதரர்கள், யுத்த காண்டத்தின் இறுதிப் பகுதியை ஒருமுறை படிக்கலாம். ராமன் திரும்பியதும் பரதன் பாதுகைகளை அவன் பாதங்களில் அணிவிக்கிறான். பிறகு கருவூலத்தையும் தானியக் களஞ்சியத்தையும் சேனையையும் பார்வையிட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறான். எல்லாம் பத்து மடங்காகியிருக்கின்றன என்று கணக்கு ஒப்படைக்கிறான்.