ஐந்து ரூபாய் வாங்கியவன்

தீங்கு இழைக்கப்பட்டவன் நல்லவனாகவும் இருந்தாக வேண்டும் என்பது நம் கதைகளிலும் சினிமாவிலும் எழுதாத சட்டம். அடிபடுகிற தலித் பாத்திரத்திடம் ஒரு கறையும் கூடாது. இருந்தால் அனுதாபம் வாபஸ்.

பிரேம்சந்தின் கதையை வைத்து சத்யஜித் ராய் 1981-இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சத்கதி'யின் துக்கி இந்த வகை. மகளின் நிச்சயத்துக்கு நாள் குறிக்கச் சொல்லிப் போனவன், பிராமணன் வீட்டு வாசலில் பட்டினியோடு மரக்கட்டை பிளந்து சாகிறான். நல்ல படம்தான். ஆனால் பார்ப்பவன் தன்னைச் சந்தேகிக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை.

துக்கியாக நடித்த அதே ஓம் பூரி, 1988-இல் தூர்தர்ஷனில் வந்த கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' தொடரில் நாத்து. மூலம் பீஷ்ம சாஹ்னியின் நாவல்; பிரிவினைக் காலப் பஞ்சாப். தோல் வேலை செய்யும் சமார் ஒருவன் ஐந்து ரூபாய்க்கு ஒரு பன்றியைக் கொன்று தருகிறான். மிருக வைத்தியருக்கு வேண்டும் என்று சொல்லித்தான் கேட்டார்கள். காலையில் அது மசூதிப் படியில் கிடக்கிறது. ஊர் எரிகிறது. அந்த இரவை நிஹலானி அவசரப்படாமல் காட்டுகிறார்: குடிசைக்குள் மனிதனும் மிருகமும், இரண்டும் பயந்துபோய். அவன் ஏமாற்றப்பட்டவன், சரி. எதற்கு என்று இன்னொரு முறை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கிற இடத்திலா அவனை வைத்திருந்தார்கள்? இரண்டு கேள்விகளும் நிஜம். ஒன்று மற்றதை ரத்து செய்வதில்லை.

அந்த ஐந்து ரூபாய் எனக்கு உள்ளூர் விஷயமாகத்தான் படுகிறது. ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலம் விற்றவன் பின்னால் குறை சொல்ல வாய் திறந்தால் டீக்கடையில் பதில் தயார்: "காசு வாங்கறப்ப தெரியலியா?" என்ன நெருக்கடியில் வாங்கினான், கொடுத்தவன் யார் என்பதெல்லாம் விசாரணைக்கே வராது. நாத்துவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானே சொல்லிக்கொள்கிறான். மனைவி கர்மோவிடம் சொல்லியும் சுமை இறங்குவதில்லை.

ஒரு குறை. நாத்து செத்துப்போவது நிஹலானி நமக்குக் காட்டிய சலுகை. முகாமில் கர்மோ அவன் உடலைக் காண்கிறாள். நாம் அழுதுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். எல்லை தாண்டிப் பிழைத்து, எங்கோ ஒரு சந்தில் மறுபடி தோல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நாத்துவை என்ன செய்திருப்போம்?

மொத்தம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பார்க்க வேண்டும். இந்தி தெரியாதவர்களுக்குச் சிரமம்தான், பன்றிக் காட்சி தவிர.