வாசிப்போர் குரலும் நூலின் வாய்மையும்

கண்ணால் படிக்கும் நூலும் காதால் கேட்கும் நூலும் ஒன்றாகுமா என்னும் வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. பார்வை மங்கிய முதியோர் ஒருபுறம். தமிழைப் பேசவும் கேட்டுப் பொருள் உணரவும் வல்லராயினும் தமிழெழுத்தைக் கூட்டிப் படிக்க இயலாத இளையோர் மறுபுறம். நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களில் இவ்விரு சாராரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் காண்கிறோம். இவர்களுக்காக நம் நூல்களை ஒலிநூல்களாக்க வேண்டும் என்னும் விருப்பம் பரவிவருவது வரவேற்கத்தக்கதே. கருவியும் இன்று அரிதன்று. அமைதியான அறையும் ஒரு கைபேசியும் இருந்தால் பணியைத் தொடங்கிவிடலாம். அரிதாக இருப்பது குரல். யாருடைய குரலில் பதிவது? இதனை ஏற்பாட்டுக்குரிய சிறு செய்தியாகக் கருதுவோர் உளர். நாம் இதனை அறத்தின்பாற்பட்ட வினாவாகவே கருதுகிறோம்.

அச்சுநூலில் ஐயம் தோன்றினால் கண் பின்னோக்கிச் சென்று அவ்வரியை மீண்டும் பார்க்கிறது. வேறு பதிப்பை எடுத்து ஒப்பிடவும் வழியுண்டு. எழுத்தறியாதவருக்கோ, கண்ணொளி இழந்தவருக்கோ, கேட்கும் பதிவே மூலநூல். அதில் பிழையாக ஒலித்த ஒன்றைப் பிழை என்று காட்ட அவரிடம் வேறு சான்று இல்லை. அவர் முழுவதுமாக நம்பிக் கேட்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பேற்பவரே வாசிப்பவர்.

கேட்டுக் கற்றல் நமக்குப் புதிதன்று. ஆகம அறிவையே கேள்வியால் வந்தது என்னும் பொருள்படச் சுருதஞானம் என்று வழங்கும் மரபு நம்முடையது. 1880ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்துப் பல இடங்களில் பொருள் விளங்காது தவித்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சைன அன்பர்களின் இல்லங்களை நாடிச் சென்றதை நாம் அறிவோம். அங்கே அக்காப்பியம் முறையாகப் படிக்கப்பட்டும் கேட்கப்பட்டும் வந்தது. ஏட்டில் விளங்காதது அவர்களுடைய வாய்மொழியால் விளங்கியது. 1887இல் வெளிவந்த அவரது பதிப்பில் அந்தக் கேள்வியறிவுக்கும் பங்குண்டு.

கருவியின் வழியே நூலைக் கேட்கும் எண்ணமும் ஒலிப்பதிவுக் கருவியோடு உடன் பிறந்ததே. 1877இல் போனோகிராபை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டிலேயே அதன் பயன்களை எண்ணிச் சொன்னபோது, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் அவற்றுள் சேர்த்தார். ஆயினும் முழு நூல்கள் தட்டுகளாக வெளிவர 1930களின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. 1935இல் பிரிட்டனில் பார்வையற்றோர்க்காக முதன்முதலில் வெளியிடப்பட்ட பேசும் நூல்களுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், ரோஜர் அக்ராய்டின் கொலை பற்றியது. கதையைச் சொல்லிச் செல்பவரே முதன்மையான ஒன்றை மறைத்துச் சொல்லும் நூல் அது. முடிவை அறிந்த ஒருவர் அதனை உரக்கப் படிக்க வேண்டும். ஆனால் தாம் அறிந்ததைக் குரலில் காட்டிவிடக் கூடாது. சற்றே அழுத்திச் சொன்னால் கதை கெட்டது. சற்றே நடித்தால் கேட்பவர் ஏமாற்றப்பட்டார். வாசிப்போருக்கு வேண்டிய அடக்கத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இல்லை எனலாம்.

நம் நூல்களில் தேர்வு வேறு வகையானது. தமிழ் எழுத்தில் வல்லின ஒலிகளுக்கு வன்மை மென்மை வேறுபாடு காட்டும் தனித்தனி எழுத்துகள் இல்லை. தமிழ்ச் சொற்களில் இடம் நோக்கி ஒலி தானே அமைந்துவிடுவதால் அங்கே இடர் இல்லை. வடசொல் கலந்த சமய நூல்களிலோ இடர் மிகப் பெரிது. 'பாவம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். புண்ணியத்துக்கு மறுதலையான பாவமும் எழுத்தில் இவ்வாறே. உயிரின் அகப்பரிணாமத்தைக் குறிக்கும் பாவமும் எழுத்தில் இவ்வாறே. கிரந்த எழுத்தில் இவ்விரண்டின் முதலெழுத்தும் வேறு வேறு. நம் பதிப்புகளில் ஒன்றாகிவிட்டன. முதலாவதை இதழ் அழுத்தி வன்மையாக ஒலிக்க வேண்டும். இரண்டாவதைத் தொண்டை அதிர மென்மையாக ஒலிக்க வேண்டும். 'திரவிய பூசை, பாவ பூசை' என்று நூலில் வருமிடத்தில், அறியாத ஒருவர் பகரத்தை வன்மையாக ஒலித்துவிட்டால், மனத்தால் செய்யும் வழிபாடு பாவமான வழிபாடு ஆகிவிடுகிறது! 'திரவிய கர்மம், பாவ கர்மம்' என்னுமிடத்திலும் இதே விபரீதம். வினைக்கட்டைக் குறிக்கும் 'பந்தம்' தீப்பந்தமாகிவிடுவதும் இவ்வாறே. அச்சில் ஊமையாகக் கிடக்கும் வேறுபாடு குரலில்தான் வெளிப்படுகிறது. தத்துவத்தை அறியாதவர் இதனைச் சரியாக ஒலித்தால் அது தற்செயல்.

ஆகலின், குரல் இனிமையை முதல் தகுதியாக வைப்பதை நாம் ஏற்பதற்கில்லை. இனிய குரல் எதுவெல்லாம் செய்யவல்லது என்பதை யசோதர காவியம் படித்தோர் அறிவர். இரவில் கேட்ட யானைப்பாகன் ஒருவனது பாட்டொலியில் மயங்கிய அரசி, அவன் யார், எத்தகையன் என்று எண்ணவும் மறந்தாள். நூலைக் கேட்டு முடித்தபின் நெஞ்சில் நூல் நிற்க வேண்டும், 'என்ன குரல்!' என்ற வியப்பு மட்டும் நின்றால் அந்தப் பதிவினால் பயன் இல்லை. இதற்காகக் கரகரத்த குரலைத் தேடிப் போக வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. பல மணி நேரம் கேட்போருக்குச் சலிப்பூட்டாத தெளிவு வேண்டும்; மூச்சு இடையறாத நிதானம் வேண்டும்; லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் பிறழாமை வேண்டும். செய்யுளாயின் ஒருமுறை யாப்பின் ஓசை கெடாமலும், மறுமுறை சொல் பிரித்துப் பொருள் தெரியவும் படித்தல் நன்று. ஓசையை மட்டும் காத்தால் பொருள் மறையும். பொருளை மட்டும் காத்தால் செய்யுள் மறையும்.

நடிப்புப் பற்றி இரு கருத்து உண்டு. கதாபாத்திரங்களுக்குத் தக்கபடி குரலை மாற்றினால்தான் குழந்தைகள் கேட்பர் என்பர் சிலர். சிறுவர் கதைகளுக்கு அது பொருந்தும். பிறவிதோறும் துன்புறும் உயிரின் கதையை வாசிப்பவர் தாமே விம்மி அழுதால், கேட்பவர் அழ வேண்டிய இடத்தை அவர் பிடித்துக்கொண்டார் என்றே சொல்வோம்.

நன்கொடை தந்தவர் இல்லத்துப் பிள்ளைக்கு முதல் இடம், விழாக்குழுத் தலைவருக்கு அடுத்த இடம் என்னும் வழக்கம் இதில் புகாதிருக்கட்டும். இதற்கு மேல் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் 2005இல் தொடங்கப்பெற்ற லிப்ரிவாக்ஸ் என்னும் தன்னார்வ முயற்சியை இங்கே நினைக்க வேண்டும். பதிப்புரிமை நீங்கிய நூல்களை யார் வேண்டுமாயினும் வாசித்துப் பதியலாம் என்பது அவர்களது கொள்கை. குரலுக்குத் தேர்வு இல்லை. எல்லோருக்கும் இடம் தரும் அப்பெருந்தன்மை போற்றத்தக்கதே. இலக்கிய நூலுக்கு அது நன்கு பொருந்துகிறது; ஒருவர் வாசிப்பு பிடிக்காவிடில் வேறொருவர் வாசிப்பு கிடைக்கும். ஒரே ஒரு பதிவுதான் உண்டாகப் போகிறது என்னும் நிலையில் உள்ள சிறு சமூகத்துக்கு அத்தாராளம் கட்டுபடியாகாது என்பதே நம் கருத்து.

இனி, மிகக் கடினமான வினாவுக்கு வருகிறோம். மனிதர் வாசிக்காமலே கணினி வாசிக்கும் காலம் இது. 2023 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் செயற்கைக் குரலில் அமைந்த ஒலிநூல்களை வெளியிட்டது. தமிழையும் இன்று கணினிக் குரல் படிக்கிறது. பார்வையற்ற ஒருவர் கடிதத்தையோ செய்தியையோ பிறர் உதவியை எதிர்பாராமல் அக்கணமே கேட்க முடிகிறதென்றால், அது பெரும் நன்மை. அதனை இகழ்வது இரக்கமின்மை. ஆயினும் ஒரு பேச்சு அண்மையில் நம் காதில் விழுகிறது. மறைந்த பெரியோர் சிலரின் சொற்பொழிவு ஒலிநாடாக்கள் இல்லங்களில் உள்ளன. அக்குரலைக் கணினிக்குக் கற்பித்து, அவர் படிக்காமல் விட்ட நூல்களையும் அவர் குரலிலேயே படிக்கச் செய்தால் என்ன என்பது அது. அன்பினால் எழுந்த ஆசைதான். அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றும், பிள்ளைகள் இசைவு தந்துவிட்டனர் என்றும் கூறுகின்றனர்.

மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் கேட்கப்படவில்லை; அவர் கொடுக்கவுமில்லை. கொடாததைக் கொள்ளுதல் களவு என்று இளமையிலேயே கற்பிக்கப்பட்டவர்கள் நாம். பிள்ளைகளுக்கு உரியது ஒலிநாடா. தந்தை சொல்லாத சொல்லுக்கு அவர் சார்பில் சான்று கூறும் உரிமை அவர்களுக்கு எங்ஙனம் வரும்? பெரியோர் ஒருவர் ஒரு வரியைத் தம் வாயால் படித்தார் என்றால், அவ்வரியைப் பொருளறிந்து ஒப்பினார் என்பது அதில் அடங்கியிருக்கிறது. அவர் அறியாத வரியை அவர் குரலில் கேட்கும் பேரன், தாத்தா இப்படிச் சொன்னார் என்றே நாளை மேற்கோள் காட்டுவான். அது வாய்மையன்று. உயிருடன் இருப்போர் பயன் அறிந்து மனமுவந்து தம் குரலைத் தந்தால் அது வேறு. அப்போதும் இன்ன பகுதி கணினி ஒலித்தது என்று பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். மறைந்தோரின் ஒலிநாடாக்களைப் பொறுத்தவரை, அவை பூஞ்சை பிடித்து அழியுமுன் உள்ளது உள்ளவாறே படியெடுத்துக் காப்பதே நாம் செய்யவேண்டிய பணி. அவர் இருமியது, தண்ணீர் பருகியது, யாரோ கேட்ட ஐயத்துக்கு நின்று விடையிறுத்தது எல்லாம் அதில் இருக்கட்டும்.

ஐயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சுவாத்தியாயத்தின் ஐந்து கூறுகளுள் வாசித்தலுக்கு அடுத்து நிற்பது வினாவுதல். ஒலிநூலை எவ்வளவு கேட்டாலும் அது வினாவுக்கு விடை தராது. எனவே பதிவின் தொடக்கத்தில் நூற்பெயருடன் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, வாசித்தவர் யார் என்பதையும், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுதல் நன்று.

வாசிப்பவரைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபுராணத்தை ஆண்டுதோறும் உரக்கப் படித்துப் பழகிய பெரியவர்களும் அம்மையார்களும் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். எழுபது எண்பது அகவை கடந்தவர்கள்; குரல் சற்று நடுங்கும். நடுங்கட்டும். நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் அவர்களை வருத்தாமல், மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, எதிரில் கேட்பவர் ஒருவரை அமர்த்திக்கொண்டு பதியத் தொடங்கலாம். வெற்றுச் சுவரை நோக்கிப் படிப்பதைவிட, கேட்கும் முகம் ஒன்றை நோக்கிப் படிப்பது அவர்களுக்கு எளிது.