நனைந்த ஆடையும் மனித மாண்பும்

மனித மாண்பைப் பற்றிப் பேசுவோர் சிந்தனையையும் மொழியையும் உழைப்பையும் பற்றிப் பேசுவர். மலசலம் கழிப்பதைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயின், மாண்பு என்ற சொல்லை உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை. அறிவுசார் இயலாமையுடைய வளர்ந்த மனிதர் ஒருவர் நனைந்த ஆடையுடன் அமர்ந்திருக்கிறார். அது அவரது இயல்பா, அன்றி அவரைச் சூழ்ந்துள்ள ஏற்பாட்டின் விளைவா?

இயல்பே என்பதுதான் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்த விடை. நியூயோர்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் அரசாங்க விடுதி ஏறத்தாழ 4000 பேருக்கென அமைக்கப்பட்டது. 1965இல் அங்கு 6000 பேர் வரையில் அடைபட்டிருந்தனர். 1972இல் தொலைக்காட்சியினர் அதனுள் நுழைந்தபோது, ஆடையின்றித் தம் கழிவிடையே கிடந்த மனிதரை நாடு கண்டது. 1987இல் அவ்விடுதி மூடப்பட்டது.

"இவர்களுக்குக் கற்பிக்க இயலாது" என்ற சமாதானம் அதற்கு முன்பே பொய்த்திருந்தது. அஸ்ரின், ஃபொக்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர், மிகக் கடுமையான இயலாமையுடன் விடுதியில் வாழ்ந்த 9 பெரியவர்களுக்கு அளித்த பயிற்சியை 1971இல் வெளியிட்டனர். மிகுதியாகப் பருகக் கொடுத்தனர். ஈரம் பட்டதும் ஒலிக்கும் கருவியைப் பயன்படுத்தினர். உரிய இடத்தில் கழித்தவருக்கு வெகுமதி அளித்தனர். இடைநிலை அளவில் நான்கே நாட்களில் பயிற்சி முடிந்தது. ஆடை நனைதல் உடனேயே ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. அவர்களிடம் குறைவாக இருந்தது ஆற்றலன்று. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட மனித நேரமே என்பது இதனால் தெளிவாகும்.

எனினும் அம்முறையையும் நாம் கேள்விக்குட்படுத்தல் வேண்டும். தவறியவருக்கு வெகுமதி தாமதிக்கப்பட்டது. துப்புரவு செய்யும் வேலையும் அவர் மீதே சுமத்தப்பட்டது. நோக்கம் நல்லதாயின் வளர்ந்த மனிதரைத் தண்டிக்கலாமா? அன்றியும், நரம்புக் கோளாறினால் எப்பயிற்சியாலும் கட்டுப்பாடு பெற முடியாதவரும் உளர். தூய்மை மாண்புக்கு நிபந்தனையாயின், அவர்கள் மாண்பற்றோர் என்றாகிவிடும். அவ்வாறன்று. உரிய நேரத்தில் ஆடை மாற்றுதல், கதவைச் சாத்துதல், தொடுமுன் சொல்லுதல், தலைக்கு மேலாகப் பிறருடன் பேசாது அவருடனேயே பேசுதல் ஆகிய யாவும் அவருக்கு உரியவை.

மருத்துவ அலட்சியமும் இங்கே உண்டு. மலச்சிக்கல் இம்மக்களிடையே மிகுதி. இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதைச் சுற்றித் திரவமலம் கசியும். சிறுநீர்த் தொற்றும் ஆடையை நனைக்கும். இவை குணப்படுத்தக்கூடியவை. "அவர் அப்படித்தான்" என்ற ஒரு சொல் பரிசோதனைக்கே வழியடைத்துவிடுகிறது.

பழியைப் பணியாளர் மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. குறைந்த கூலிக்கு, இரவெல்லாம் பலரைத் தனித்துப் பார்க்கும் பெண்ணின் கையில் மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்ல நேரமில்லை; அணையாடைதான் உண்டு. வேலையைக் குறைக்கத் தண்ணீரையே குறைப்பதும் நிகழும். அது மலச்சிக்கலையும் தொற்றையும் வளர்க்கும். பராமரிப்பவளின் உழைப்பை மலிவாக்கும் சமூகம் பராமரிக்கப்படுபவரின் உடலையும் மலிவாக்குகிறது.

இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டுச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. மாண்பு அதில் எழுதப்பட்டுள்ளது. நனைந்த ஆடையுடன் ஒருவர் எத்தனை நாழிகை காத்திருக்கிறார் என்பதைக் கொண்டே அவ்வெழுத்தின் மெய்ம்மையை அளக்க வேண்டும்.