பிச்சைப் பாத்திரமும் மடிக்கணினிப் பையும்: காத்தலின் அறம்

ஒரு பொருளைச் சேதமின்றிக் காப்பது அதன்மீது கொண்ட பற்றின் வெளிப்பாடா, அப்பொருளால் நடைபெற வேண்டிய கடமைக்குச் செய்யும் மரியாதையா என்ற கேள்வியைத் துறவை உயர்நெறியாகக் கொண்ட இந்தியச் சமயங்கள் யாவும் எதிர்கொண்டுள்ளன. இது மடங்களுக்கும் விகாரைகளுக்கும் மட்டும் உரிய கேள்வியன்று. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்திலிருந்து தொழிற்பேட்டை அலுவலகங்களுக்கோ, அம்பத்தூர் நிலையத்தில் மின்ரயில் ஏறி நகருக்குள்ளோ நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவர், தம் மடிக்கணினிக்கு எத்தகைய பையை வாங்குவது என்று முடிவுசெய்யும்போது, அறிந்தோ அறியாமலோ இக்கேள்விக்கே விடை சொல்கிறார்.

இதற்குத் தெளிவான முன்மாதிரி பௌத்தத்தில் உள்ளது. துறவியர் சங்கத்தின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துரைக்கும் விநய பிடகத்தில், குறிப்பாகச் சுள்ளவக்கம் என்னும் பகுதியில், பிச்சைப் பாத்திரத்தை எவ்வாறு பேணுவது என்பது நுணுக்கமாகப் பேசப்படுகிறது. திண்ணை விளிம்பில் வைத்த பாத்திரம் விழுந்து உடைந்தபின் அவ்வாறு வைப்பது விலக்கப்பட்டது. முளையில் தொங்கவிட்டது விழுந்து உடைந்தபின் தொங்கவிடுவது விலக்கப்பட்டது. மடியில் வைத்திருந்ததை மறந்து எழுந்தபோது உடைந்ததால் அதற்கும் தடை வந்தது. ஈரத்தோடு எடுத்து வைத்தால் பாத்திரம் கெடும், நெடுநேரம் வெயிலில் விட்டால் நிறம் மாறும் என்பவற்றுக்கும் விதிகள் எழுந்தன. இந்த வரிசையில்தான் பாத்திரத்தை இட்டுச் செல்லப் பையும், அப்பையைத் தோளில் மாட்டிக்கொள்ள வாரும் அனுமதிக்கப்பட்டன. உடைமை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லாத துறவிக்கும் பையும் தோள்வாரும் தேவை என்று ஏற்ற சமயம், காத்தலைப் பற்றின் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலூட்டப் பசு வாங்கி, பசுவுக்காக நிலம் தேடி, முடிவில் குடும்பஸ்தனாகவே ஆகிவிட்ட சந்நியாசியின் கதையை நாடறியும். ஒன்றைக் காக்க இன்னொன்று, அதைக் காக்க மற்றொன்று எனச் சங்கிலி நீளும் என்பதே அக்கதையின் எச்சரிக்கை. கணினிக்கு உறை, உறைக்குப் பை, பைக்கு மழைமூடி என்று இன்றைய கடைகள் விற்கும் வரிசையும் அச்சங்கிலியை ஒத்தே இருப்பதால், விநய விதிகளும் அதே சரிவில் இறங்கினவா என்று கேட்பது நியாயம். ஆனால் பாத்திரம் பற்றிய விநய விதிகள் பெரும்பாலும் நிகழ்ந்த சேதத்தையோ நேர்ந்த தேவையையோ தொடர்ந்து எழுந்தவை. வரக்கூடும் என்று கற்பனை செய்த அச்சமோ, பிறர் பார்வையில் உயர வேண்டும் என்ற விருப்பமோ அவற்றுக்குக் காரணமாகவில்லை. ஆகவே சங்கிலி முடிவின்றி நீளவில்லை. சேதம் எங்கே உண்மையாக நேர்கிறதோ அங்கே மட்டும் காப்பு, அதற்கு அப்பால் இல்லை என்பதே அதிலிருந்து பெறப்படும் அளவுகோல்.

சமணமும் வேறு வழியில் இதே இடத்தை அடைகிறது. கள்ளிக்குப்பத்தை ஒட்டி விரிந்திருக்கும் புழல் ஏரியின் பெயரைத் தாங்கிய புழலில் ஆதிநாதர் கோயில் உண்டு. அங்கு வழிபடுவோரின் நெறியில் அபரிக்கிரகம், அதாவது உடைமை கொள்ளாமை, ஐம்பெரும் நோன்புகளுள் ஒன்று. திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி, உடைமை என்பதைப் பொருளின் இருப்பாக வரையறுக்காமல், அதன்மீதான மயக்கமாக வரையறுக்கிறார். அதே நெறி, எந்தப் பொருளையும் பார்த்து எடுக்கவும் பார்த்து வைக்கவும் துறவியைப் பணிக்கிறது; சமிதி எனப்படும் ஐவகைக் கவனங்களுள் இதுவும் ஒன்று. சிற்றுயிர்கள் நசுங்காமலிருக்க ஏற்பட்ட இந்த விதியில், மயக்கத்தை விலக்குவதும் கவனத்தை வளர்ப்பதும் ஒரே பயிற்சியின் இரு கூறுகளாகின்றன.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு மடிக்கணினியை நோக்கினால், அது எங்கே சேதமடைகிறது என்பதே முதற்கேள்வியாகும். பை தரையில் வைக்கப்படும் கணத்தில் கணினியின் கீழ்மூலைகள் முதல் அடியை வாங்குகின்றன. அதனால் கணினி அறை பையின் அடிப்பாகத்தைத் தொடாமல் சற்று உயர்ந்து தொங்குவதும், மூலைகளில் தடித்த மெத்தை இருப்பதும் அவசியம். சார்ஜரைக் கணினியோடு ஒரே அறையில் திணித்தால், ரயில் நெரிசலில் அது மூடியை அழுத்தித் திரையை உடைக்கக்கூடும். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் கசிந்தால் விசைப்பலகை பாழாகும். எனவே இவற்றுக்குத் தனித்தனி அறைகள் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் நீர் பெரும்பாலும் ஜிப் வழியாகவே உள்ளே நுழைவதால், ஜிப்பின் மேல் மடிப்புத் துணி உள்ள பை உதவும். 15.6 அங்குலம் என்று குறிக்கப்படுவது திரையின் மூலைவிட்ட அளவே தவிர உடலின் அளவன்று. ஆகவே கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று பையில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. இயங்கிக்கொண்டிருக்கும் கணினியைப் பையில் அடைத்தால் வெப்பம் வெளியேற இடமின்றி உள்ளேயே தேங்கும். எத்தனை நல்ல பையானாலும் எடுத்து வைக்கும் கவனத்திற்கு அது மாற்றாகாது.

சுமப்பவரின் உடல் அடுத்த கேள்வி. உடலை வதைப்பதும் இன்பத்தில் ஆழ்வதும் ஆகிய இரு முனைகளையும் புத்தர் தம் முதல் உபதேசத்திலேயே விலக்கினார். தோள்வார் அனுமதிக்கப்பட்டதை இந்த நடுவழியின் சிறிய செயல்வடிவமாகக் கொள்ளலாம். ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள கணினியோடு சார்ஜரும் உணவும் நீரும் சேர்ந்த சுமையை ஆண்டுக்கணக்கில் ஒரே தோளில் தொங்கவிடுவது தவமாகாது. அகலமான, மெத்தையிட்ட இரு பட்டைகள் எடையைப் பகிர்வதும், கணினி முதுகை ஒட்டி அமர்வதும், கூட்டத்தில் பையை முன்புறம் மாற்றிப் போட எளிதாக இருப்பதும் ஆடம்பரங்கள் அல்ல. உழைக்கும் உடலுக்குத் தர வேண்டிய நியாயங்கள்.

பை எதனால் ஆனது என்பதில் அறம் இன்னும் கூர்மையடைகிறது. வாங்குவோர் இருப்பதாலேயே கொலை நிகழ்கிறது என்னும் வாதத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் முன்வைக்கிறது. அதன் தர்க்கம் தோலுக்கும் ஓரளவு பொருந்தும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதன் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர்க் குடிமக்கள் நலமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநிறுத்தியது. நைலானும் செயற்கைத் தோலும் உயிர்க்கொலையைத் தவிர்த்தாலும், பெட்ரோலியத்தில் பிறந்து மண்ணில் மக்காமல் கிடப்பவை. முற்றிலும் குற்றமற்ற பை எதுவும் இல்லாததால், நெடுநாள் உழைப்பதும் பழுது பார்க்கத்தக்கதும் ஆன ஒன்றை வாங்கி, அது ஓயும்வரை பயன்படுத்துவதே தீங்கைக் குறைக்கும் வழி.

இங்கும் விநயம் வழிகாட்டுகிறது. ஐந்து ஒட்டுகளுக்குக் குறைவாக உள்ள பாத்திரத்தை விடுத்துப் புதியதைப் பெறுவது குற்றம் என்றும், மிகையாகக் கிடைத்த பாத்திரத்தைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும் அது விதித்தது. சாலையோரத்தில் ஜிப் மாற்றித் தைத்துக் கொடுக்கும் தொழிலாளியிடம் பையைக் கொண்டு செல்பவர், அந்தப் பழைய விதியின் கருத்தையே பின்பற்றுகிறார்.

காத்தல் பற்றா, கடமையா என்னும் கேள்விக்குத் தமிழகத்தில் சமூக முகமும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளி மாணவர் பலரின் வீட்டுக்குள் முதல் கணினி நுழைந்தது. அத்தகைய வீட்டில் அக்கணினி ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை; தம்பியின் பாடமும் தாயின் விண்ணப்பமும் அதை நம்பியிருக்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை தனக்கென அதை வைத்துக்கொள்ளவில்லை. பசித்தவர்க்கு உணவிடும் பொறுப்பாகவே அது அவள் கைக்கு வந்தது. பலருக்குப் பயன்படும் கருவியைக் காப்பதில் தன்னலம் குறைந்து, பொறுப்பு மேலோங்குகிறது.

எனவே காத்தலும் பற்றும் ஒன்றல்ல என்று துணியலாம். பொருள் உடைந்தால் எந்தப் பணி நின்றுபோகும் என்று எண்ணிப் பார்ப்பவர், அப்பணிக்குத் தேவையான காப்போடு நிறைவடைவார். பொருளால் தமக்குக் கிடைக்கும் மதிப்பை எண்ணுபவருக்கு எந்தப் பையும் போதாது. கள்ளிக்குப்பத்து ஊழியர் மூலை மெத்தையையும் தோள்பட்டையையும் தையலையும் கவனமாகச் சோதித்து, வேண்டிய அளவுக்கு ஒன்றை வாங்கி, கிழிந்தால் தைத்துப் பயன்படுத்துவாராயின், துறவியர்க்கென வகுக்கப்பட்ட நெறியை இல்லறத்திலும் கடைப்பிடிக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.