நலம் யாருடையது?

நோய் என்றவுடன் மருந்தைத் தேடுகிறோம். வடலூரில் வள்ளலார் மூட்டியதோ அடுப்பு! 1867-இல் தருமச்சாலையில் எரியத் தொடங்கிய அந்த நெருப்பு இன்றும் அணையவில்லை. பசியைப் பிணியென்று கண்டவர் அவர். சாதி கேளாமல் இட்ட சோறே அவர் தந்த மருந்து.

சோறு வயலில் விளைகிறது. வயல் நீரால் வாழ்கிறது. அருகேயுள்ள நெய்வேலியிலோ, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துள் ஊற்று பீறிடாதிருக்க, இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். கடலூர்ச் சிப்காட்டின் ரசாயனக் கழிவு உப்பனாற்றைக் கெடுத்தது. விளக்கெரிய மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. அதன் விலையை அண்டை ஊரான் தன் உடலால் செலுத்துவதா? அதுவா அறம்?

ஊர்நீர் கெட்டபின்னும் என் உடல் நலமாயிருக்கும் என்பது அறியாமை. என் உடல் நலமாயிருந்தால் போதும் என்பது கயமை. அணையா அடுப்பைப் போற்றுவோரே! அதற்கு நெல் தரும் மண்ணையும் நீரையும் காக்க வேண்டாமா?