எழுத்தறிவிப்போர் கைம்மாறு வேண்டலாமோ?

எழுத்தறியாத முதியோருக்கு எழுத்தறிவிப்பது நற்செயல் என்பதை மறுப்பார் இலர். ஆயின், அந்நற்செயலைச் செய்வோர் கற்றுக்கொண்டவரிடமிருந்து ஏதேனும் எதிர்பார்க்கலாமோ என்று கேட்டால் பலர் தயங்குகின்றனர். பொருளை எதிர்பார்ப்பது தகாது என்று உடனே சொல்லிவிடுவர். நன்றியை எதிர்பார்க்கலாமா? நம் சமயத்தில் வந்து சேர்வதை எதிர்பார்க்கலாமா? அந்தமானில் நாம் நடத்திய சிறியதோர் இரவு வகுப்பு இவ்வினாவை நம் தலைமேல் ஏற்றி வைத்தது.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரில், தமிழர் குடியிருப்பொன்றில் அவ்வகுப்பு தொடங்கியது. வந்தோர் பதினான்கு பேர். அவருள் பதினொருவர் பெண்கள். பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள். 2011ஆம் ஆண்டு மக்கட் கணக்கின்படி இத்தீவுகளில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 86க்கு மேல். ஆண்களில் 90, பெண்களில் 82. இத்தொகையைக் கண்டு மகிழ்பவர், எஞ்சிய பதின்மூவர் யாவர் என்று கேட்பதில்லை. நம் வகுப்பிற்கு வந்தோர் அப்பதின்மூவரைச் சேர்ந்தவர்கள். கடைத்தெருவில் இந்தியில் சரளமாக விலை பேசுவார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். எம்மொழியிலும் ஓர் எழுத்தும் வாசிக்க அறியார்.

நாம் செய்த பிழையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி வகுப்பைத் தொடங்கினோம். முதற்பாடமாகப் புத்தம், தம்மம், சங்கம் என்னும் சொற்களையே பலகையில் எழுதினோம். நல்ல சொற்களால் தொடங்குகிறோம் என்றே நினைத்தோம். பத்தாம் நாள் அறுவரே வந்தனர். யாரும் குறை சொல்லவில்லை. வராமல் நின்றுவிட்டனர், அவ்வளவுதான். நின்றுபோன அம்மையார் ஒருவரின் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்டோம். "ஐயா, ஊர்ல இருக்கிற என் தங்கச்சி போன்ல எழுதி அனுப்புறத நானே வாசிக்கணும்னுதான் வந்தேன். பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட காட்டினா எங்க வீட்டுக் கதை தெருவுக்கே தெரிஞ்சு போகுது. நீங்க என்னடான்னா சாமிய மாத்தச் சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் வேண்டியது தம் குடும்பச் செய்தியைத் தாமே அறியும் உரிமை. அதன்மீது நாம் ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்தோம்.

மகாபரிநிப்பான சூத்திரத்தில் ஓரிடம் உண்டு. பெலுவ கிராமத்தில் நோயுற்று எழுந்த பகவன், ஆனந்தரை நோக்கி, தாம் உள்ளது ஒன்றும் புறத்தே ஒன்றுமாகப் போதிக்கவில்லை என்றும், ஆசிரியர் சிலர் மூடி வைத்துக்கொள்ளும் கை தம்மிடம் இல்லை என்றும் உரைக்கிறார். பாலியில் இதனை ஆசரிய முட்டி என்பர். கல்வியைக் கொடாது ஒளிப்பது மூடிய கை என்பதை எளிதில் உணர்கிறோம். கொடுத்த பின்னும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் மூடிய கையே என்பது நமக்குத் தாமதமாகவே விளங்கியது. நிகண்டரின் அடியாராகிய உபாலி என்னும் செல்வர் பகவனிடம் சரணடைய வந்தபோது நிகழ்ந்ததை மஜ்ஜிம நிகாயம் கூறுகிறது. நன்கு ஆராய்ந்து செய் என்று பகவன் அவரைத் தடுத்தார். நிகண்டருக்கு நெடுநாளாகச் செய்துவந்த அன்னதானத்தை நிறுத்தாதே என்றும் சொன்னார். தாமாக வந்தவரையே நிறுத்தி ஆராயச் சொன்னவரின் பெயரால், எழுத்துக்காக வந்தவரை நாம் இழுக்கப் பார்த்தோம்.

இங்கே அன்பர் சிலர் ஒரு தடை எழுப்புவர். சமயத்தைக் கருதிக் கற்பித்தவர்களால் உலகில் நன்மை விளையவில்லையோ என்பர். விளைந்தது, அதற்குச் சான்றும் இத்தீவுகளிலேயே உண்டு. வேதப்பன் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் கார் நிகோபார் சேர்ந்து, மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற நிகோபாரிச் சிறுவர் ஒருவர் பர்மாவிலும் கற்றுத் திரும்பி, தம் மக்களுக்கு ஆசிரியராகி, புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். அவரே பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். 1952இல் அமைந்த முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக வீற்றிருந்தவர். எழுத்தே இல்லாதிருந்த ஒரு மொழி இன்று எழுதவும் வாசிக்கவும் பெறுகிறது. நம் முன்னோர் பலரும் பாதிரிமார் பள்ளிகளில்தான் அகரம் கற்றனர். இதனைச் சொல்ல நாம் நாணவில்லை.

ஆயினும் சிறுவர் பள்ளி வேறு, முதியோர் வகுப்பு வேறு. ஐம்பது வயதில் பலகையின் முன் அமர்பவர் வெற்றுப் பாத்திரம் அல்லர். அவருக்கென்று தெய்வங்கள் உண்டு, இழப்புகள் உண்டு, உலகியல் பற்றி நம்மினும் தெளிந்த அறிவு உண்டு. நாணத்தை விழுங்கிக்கொண்டு, தேவை நெருக்குவதால் வந்திருக்கிறார். நெருக்கடியில் இருப்பவரிடம் நிபந்தனை வைத்தால் அவர் சொல்லும் 'ஆம்' உண்மையான இசைவாகுமா? பசித்தவன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் பேசுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

நமக்கு இதில் மற்றொரு கடப்பாடும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது, எழுத்து நம் மக்களுக்குப் புதிதாக வந்த வரம் என்று அவர் எண்ணவில்லை. நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட பழைய உடைமை என்றே வாதிட்டார். அக்கொள்கையை ஏற்போமாயின், எழுத்தறிவித்தல் தானம் ஆகாது. உடையவரிடம் உடைமையைத் திருப்பிக் கொடுத்தலே ஆகும். கடனைத் திருப்பித் தருபவன், பெற்றவன் தன்னை வணங்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நாம் நகைக்கமாட்டோமா?

தருபவர், பெறுபவர் என்னும் உயர்வுதாழ்வு இல்லாமல் கற்பது இயலுமோ என்று ஐயுறுவோர் செல்லுலார் சிறையை நினைக்கலாம். 1933ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசியற் கைதிகள் அங்கே உண்ணாநோன்பு மேற்கொண்டனர். நல்லுணவுடன் விளக்கும் நூல்களும் செய்தித்தாள்களும் அவர்கள் கேட்டவற்றுள் அடங்கும். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா என்னும் மூவர் அதில் மாண்டனர். அதன் பின்னரே வாசிக்கும் வசதி கிடைத்தது. கைதிகள் தமக்குள் வகுப்புகள் நடத்தி, அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தனர். அவர்களும் கொள்கைப் பற்றுடையோரே. வாதிட்டனர், பிரிந்தனர், சேர்ந்தனர். ஆனால் ஒரே கொட்டடியில் இருப்பவர்க்குள் யாருக்கு யார் கடமைப்பட்டவர்?

நாம் வகுப்பை மீண்டும் தொடங்கினோம். தம்ம வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றினோம். விரும்பினோர் வரலாம், வராதாரை ஏன் என்று கேட்பதில்லை. முதற்சொற்களைக் கற்போர் வாயிலிருந்தே பெற்றோம்: தங்கச்சி, மீன், மழை, கப்பல், கூலி. அவரவர் பெயரை முதல் வாரத்திலேயே எழுதச் செய்தோம். கற்பிப்பவரும் அதே தெருவில் வாழும் பெண்ணாக அமைந்தது பேருதவி. புதுக்கோட்டையில் 1991 முதல் நடந்த அறிவொளி இயக்கத்தில் உள்ளூர்த் தொண்டர்களே கற்பித்தனர் என்பதை நாம் படித்திருந்தும் முதலில் மறந்திருந்தோம். வேறொன்றும் சொல்லவேண்டும். மந்தபுத்தி என்று நாம் கருதிய நால்வருக்கு உண்மையில் வெள்ளெழுத்து. மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்த பின், அவர்கள் மற்றவரை முந்தினர். முதியோர் கல்வி நடத்துவோர் பலகைக்கு முன்பாகக் கண்ணாடியைப் பற்றி நினைப்பது நலம்.

எம்மொழியில் கற்பிப்பது என்பதிலும் நம்முள் வழக்கு எழுந்தது. கப்பல் சீட்டும் அலுவலகப் படிவமும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க, தமிழ் எழுத்து எதற்கு என்றனர் சிலர். தம் உரையைச் சந்தசில் அமைக்க வேண்டிய பிக்குகள் இருவரை மறுத்து, 'சகாய நிருத்தி'யில், அதாவது சொந்த மொழியில், கற்குமாறு பகவன் பணித்ததாக விநய பிடகம் கூறுகிறது. சொந்த மொழி எனில் பகவனின் மொழியோ, கற்பவரின் மொழியோ என்று உரைகாரர் வேறுபடுவர். பேசும் மொழியில் எழுத்தைப் பிடித்தவர் மற்றொரு மொழியின் எழுத்தையும் விரைவில் பிடிப்பார் என்பதால் தமிழில் தொடங்கினோம். எனினும் இரு ஆடவர் தமக்கு இந்தியே வேண்டும் என்றனர். அவர்களை வேறிடத்திற்கு வழிகாட்டி அனுப்பினோம். நமக்கு அதில் சிறிது வருத்தமே.

ஆறு திங்கள் சென்றன. அந்த அம்மையார் தங்கையின் செய்தியைத் தாமே வாசித்தார். என்ன எழுதியிருந்தது என்று நாம் கேட்கவில்லை. கற்றதை மறவாதிருக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல் ஏதேனும் வேண்டுமா என்று வினவியபோது, முருகன் பாட்டுப் புத்தகம் ஒன்று வேண்டும் என்றார். சங்கப் பணத்தில் அதனை வாங்கலாகாது என்று ஓர் அன்பர் கடுமையாக வாதிட்டார். இன்றும் அவர் மனம் மாறவில்லை. புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். கணக்கேட்டில் 'இரவு வகுப்பு, வாசிப்பு நூல், ஒன்று' என்று எழுதியிருக்கிறோம்.